குன்னூரில் மூன்று குடித்தனம் இருக்கிறது. கோத்தகிரியில் காட்டேஜும் வாங்கினால் பிள்ளைகளைக் கவனிக்க முடியுமா?

ஒட்டுப்பட்டறை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குன்னூர் ஒட்டுப்பட்டறை. மாமனார் கட்டிய வீட்டின் மேல்தளத்தில் குடியிருக்கிறோம், கீழே இரண்டு போர்ஷன் வாடகைக்கு. அது போக அருவங்காட்டில் ஒரு சின்ன வீடு, அதிலும் குடித்தனம் உண்டு. மூன்றும் சேர்த்து மாதம் 26,000 ரூபாய் வருகிறது.

கணவருக்குக் கோவையில் வேலை. சனிக்கிழமை இரவு வருவார், திங்கள் விடிவதற்குள் மலை இறங்கிவிடுவார். நான் இங்கே ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஒன்பதாவது, மகன் மூன்றாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், முட்டி வலியால் படி இறங்க முடியாது. அதனால் வீட்டுக்காரம்மா வேலை முழுக்க என்னுடையது. தண்ணீர் வரும் நாளில் மோட்டார் போட்டு எல்லாத் தொட்டியும் நிறைகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்வீட்டில் ஒருவர் கூடுதலாகப் பிடித்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னால் அதையும் கேட்க வேண்டும். டிசம்பர் குளிரில் காலை ஆறு மணிக்கு "கீசர் வேலை செய்யலைங்க" என்று போன் வரும். அது நியாயமான போன், கைக்குழந்தை இருக்கும் வீடு. ஆனால் அதே ஆறு மணிக்குத்தான் நான் இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும்.

இப்போது கணவர் ஒரு யோசனையில் இருக்கிறார். கோத்தகிரி போகும் வழியில் மூன்று அறை காட்டேஜ் ஒன்று விலைக்கு வருகிறது, 52 லட்சம் சொல்கிறார்கள். கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு 40 லட்சம் லோன் எடுத்து, ஹோம்ஸ்டேயாக நடத்தலாம் என்கிறார். சீசனில் வரும் பணத்திலேயே வருடத் தவணையில் பாதி கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை, அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மகள் இரண்டு வருடத்தில் பதினொன்றாவது போகிறாள். சின்னவனுக்கு வாய்ப்பாடு நான் உட்கார்ந்தால்தான் வருகிறது. வீடு வாடகைக்கு விட்டுக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தவர்கள், குறிப்பாக மலையில் இருப்பவர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் காட்டேஜ் வேண்டுமா?

ஈளாடா அக்கா:

தங்கச்சி, நான் கோத்தகிரி பக்கம் ஈளாடா. மூன்று பிள்ளைகள், மூவரும் இப்போது வேலையில் இருக்கிறார்கள். வருடக் குடித்தனமும் பார்த்திருக்கிறேன், வாசலை ஒட்டி இரண்டு அறையில் விருந்தினர் தங்கவைத்தும் பார்த்திருக்கிறேன். பெரியவன் பத்தாவது வந்த வருடம் விருந்தினரை நிறுத்திவிட்டு இரண்டு அறையையும் ஒரு போர்ஷனாக்கி ஒரு குடும்பத்துக்கு விட்டேன். வருமானம் குறைந்தது. வீட்டுக்குள் நான் திரும்பி வந்தேன்.

எவ்வளவு வரும் என்று பார்ப்பதற்கு முன் எப்போது வரும் என்று பாருங்கள். நம்ம ஊர் சீசன் எது? ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முழுக்க. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, எல்லாம் அந்த நாட்களில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அதேதான். இரண்டாவது சீசன் செப்டம்பர், அக்டோபர். அது காலாண்டு லீவு, பூஜை லீவு, தீபாவளி. டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டு லீவு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நீங்கள் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஹோம்ஸ்டே வருமானம் இருக்கும்வரை இது மாறாது, ஆள் வைத்தாலும் மாறாது. ஏனென்றால் சீசனில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தவரும் தன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வரமாட்டார்.

அப்புறம் மலையில் வேலை இரட்டிப்பு. ஈர வானிலையில் படுக்கை விரிப்பு காயாது. பத்து நாள் பூட்டிக்கிடந்த அறையில் பூசணம் பிடித்துவிடும், ஆள் இல்லாத வாரத்திலும் போய் ஜன்னல் திறந்துவிட வேண்டும். வருகிறவர்கள் மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் ராத்திரி கரடி வரும். எண்ணெய் வாசனைக்குக் கதவையே பெயர்த்த கரடி எங்கள் பக்கம் உண்டு. விருந்தினருக்கு அது தெரியாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலிலிருந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீடு குன்னூரில், காட்டேஜ் கோத்தகிரி வழியில். மழை நாளில் மரம் விழுந்து ரோடு அடைத்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள்? மகன் பள்ளி எந்தப் பக்கம்?

வருடக் குடித்தனம் அப்படியில்லை. அந்த வேலைக்கும் ஒரு காலம் உண்டு, அதைப் பிள்ளைகளின் காலத்தோடு பொருத்திக்கொள்ளலாம். நான் செய்தது இது. குடித்தனக்காரர் மாறுவது மே மாதத்தில் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் குடும்பமும் அப்போதுதான் வீடு தேடும், வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்கு ஒரு வருடப் படிப்புக்கு வருகிறவர்களில் வெளியே வீடு பார்ப்பவர்களும் அதற்குப் பிறகுதான் வருவார்கள். பெயின்ட், சிமென்ட் பூச்சு, கூரை ஓடு மாற்றுவது எல்லாம் ஜனவரி, பிப்ரவரி வெயிலில். ஜூனுக்கு மேல் பூசினால் காயாது, மார்ச்சில் வைத்தால் பரீட்சை. கீழ்க்குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து, அதனால் சாக்கடை, தடுப்புச் சுவரின் நீர்க்குழாய்த் துளைகள் எல்லாவற்றையும் செப்டம்பர் கடைசிக்குள் சுத்தம் செய்துவிட வேண்டும். 2009 நவம்பர் மழை நினைவிருக்கும். நீலகிரியில் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். துளை அடைத்த சுவர் பின்னால் தண்ணீர் தேங்கி மண்ணோடு சேர்ந்து தள்ளும். வாடகை தருகிறவர் பிள்ளைகளும் அந்தச் சுவருக்குக் கீழேதான் தூங்குகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் செலவு பார்க்கவே கூடாது.

போன் விஷயம். வாடகைக்கென்று தனி சிம் வாங்குங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரிடமும் பேசிவைத்து அவர்கள் எண்ணைக் குடித்தனக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய் வரை என்னைக் கேட்காமல் சரிசெய்து, பில்லைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். என் குடித்தனக்காரர்கள் யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதில்லை. கீசருக்குக் காலை ஆறு மணி போன் நின்றுவிடும்.

அருவங்காடு சித்தப்பா:

அருவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான்கு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஈளாடா அக்கா காலத்தைச் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன்மா.

40 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 36,000. கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் 46 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். 52 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 4,68,000. உங்கள் சேமிப்பில் 12 லட்சம் முன்பணத்தோடு இதையும் சேர்த்தால் 17 லட்சம் கிட்ட கையிருப்பு கரைகிறது. மகள் கல்லூரி சேரும் நாளில் கையில் காசு இருக்க வேண்டும், செங்கல்லாக இருந்தால் உதவாது.

இன்னொன்று. இப்போது வரும் 26,000 வீட்டுச் செலவுக்கு உதவுகிறது அல்லவா? லோன் வந்த பிறகு அந்த 26,000 முழுக்கத் தவணைக்குப் போய், மேலே 10,000 தேட வேண்டும். காட்டேஜை வருட வாடகைக்கு 15,000க்கு விட்டாலும் மிச்சம் 5,000. நான்கு குடித்தனத்துக்கும் பழுது பார்க்க அந்த 5,000 போதாது, மலையில் போதவே போதாது.

வரி: குடியிருக்க வாடகைக்கு விட்டால் வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு உண்டு, நீங்கள் உண்மையில் எவ்வளவு செலவு செய்தாலும் அதுதான். லோன் வட்டி வாடகையைவிட அதிகமானால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கப் பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் முடியும், புதிய முறையில் கழிக்கவே முடியாது. தினவாடகைக்கு விருந்தினரை வைத்தால் பெரும்பாலும் தொழில் வருமானமாகப் பார்ப்பார்கள், அந்த 30 சதவீதம் கிடைக்காது. உங்கள் பெயரில் வாங்கி அவர் பணம் கட்டினால் வருமானம் அவர் கணக்கில்தான் சேரும். இதையெல்லாம் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இருக்கும் மூன்று குடித்தனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பழுது பார்க்கவோ சும்மா பார்க்கவோ உள்ளே போவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. பலர் இதைச் சுமை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பெரிய நிம்மதி. தாளில் இருப்பதைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம், வாக்குவாதம் வீட்டுக்குள் வருவதில்லை.

நாயுடுபுரம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். சகோதரி, முதலில் அந்தக் கட்டடத்தின் அனுமதியைப் பாருங்கள்.

இங்கே 1993 மாஸ்டர் பிளானை (எங்கே என்ன கட்டலாம் என்ற நகரத் திட்டம்) மீறிய கட்டடங்கள் என்று நீதிமன்ற உத்தரவில் 2019-ல் வரிசையாக விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் பலர் லோன் எடுத்து வாங்கியவர்கள், பூட்டிய கட்டடத்துக்குத் தவணை கட்டினார்கள். ஒரு வீட்டில் பெண்ணைக் கல்லூரி விடுதியிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தார்கள். நீலகிரியிலும் குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டுக் காட்டேஜ் நடத்திய இடங்களுக்குச் சீல் விழுந்திருக்கிறது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். மலைப்பகுதியில் உயர வரம்பு 7 மீட்டர். வரைபடத்தில் இரண்டு அறை, நேரில் மூன்று அறை என்றால் அந்த மூன்றாவது அறைக்கு விலை கொடுக்காதீர்கள். கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் (அங்கே கட்டத் தனி அனுமதி வேண்டும்) வருகிறதா என்றும் கேளுங்கள். வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் வெளியூர் வக்கீலிடம் காட்டாமல் உங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஹோம்ஸ்டே என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய சுற்றுலாத் துறைத் திட்டத்தில் பதிய உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நீங்கள் ஒட்டுப்பட்டறையில் இருந்துகொண்டு அதை ஹோம்ஸ்டே என்று பதிய முடியாது. அது விடுதி, அதற்கு அனுமதிகளே வேறு.

சீசன் கணக்கும் பழைய கணக்கு இல்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடையில் உயர்நீதிமன்றம் எண்ணிக்கையையே கட்டிவிட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கு 4,000, 6,000. மலைக்கு அது நல்லது, நான் ஆதரிக்கிறவன். ஆனால் விற்கிறவர் காட்டும் பழைய வருமான நோட்டை நம்பி லோன் போடாதீர்கள்.

கேத்தி மகன்:

நான் வீட்டுக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. கேத்தியில் எங்கள் வீட்டுக்குக் கீழே எப்போதும் இரண்டு குடும்பம் இருக்கும். என்னோடு படித்த பையனே கீழ்வீட்டில் ஐந்தாறு வருடம் இருந்தான். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எங்கள் அப்பா அம்மா ஒருபோதும் என்னை வாடகை வாங்க அனுப்பியதில்லை. "கீழே போய் அங்கிளிடம் கேட்டு வா" என்ற பேச்சே கிடையாது. அவன் அப்பாவுக்கு வேலை போன வருடம் வாடகை பல மாதம் நின்றுபோனது என்பது எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். அந்த வருடம் முழுக்க நாங்கள் ஒன்றாக ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கிரிக்கெட் ஆடினோம். இன்றும் அவன் என் நண்பன். உங்கள் மகனுக்கும் கீழ்வீட்டில் கூட்டாளி இருப்பான். பண விஷயத்தைப் பிள்ளைகள் காதுக்கு எட்டாமல் பெரியவர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் மட்டும் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கூரைத் தகரத்தில் சேரும் இலையை அள்ளுவது, மீட்டர் ரீடிங் எழுதுவது, இரண்டு வீட்டுக்கும் கரண்ட் பில் பிரிப்பது. வகுத்தலும் சதவீதமும் எனக்கு அந்த நோட்டில்தான் புரிந்தது. சின்னவனுக்கு வாய்ப்பாடு வரவில்லை என்றீர்களே, தண்ணீர்த் தொட்டிக் கணக்கை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

மகளிடம் கேட்டீர்களா? ஒன்பதாவது படிக்கிற பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். உன் படிப்புக்காக வாங்குகிறோம் என்று சொன்னால் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தக் காரணத்தைச் சொல்லாமல், சனி ஞாயிறு எப்படி இருந்தால் உனக்கு நன்றாக இருக்கும் என்று கேளுங்கள்.

ஒட்டுப்பட்டறை அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் கணவருக்குப் படித்துக் காட்டினேன். தவணைக் கணக்கை அவரே மறுபடி போட்டுப் பார்த்தார். ஹோம்ஸ்டே பதிவு விஷயம் அவருக்குத் தெரியாது, விற்கிறவர் சொல்லவும் இல்லை. மகளிடம் கேத்தி தம்பி சொன்னபடி கேட்டேன். சனிக்கிழமை இரவு நான்கு பேரும் பாட்டியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் மாறக் கூடாது என்றாள். அவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போதைக்கு வாங்கவில்லை. மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும், அதுவரை லோன் கட்டியிருக்க வேண்டிய தொகையில் முடிந்ததை அவள் பெயரில் போடுவோம் என்று முடிவு. அவர் மனதில் காட்டேஜ் இன்னும் இருக்கிறது, விலை இறங்கினால் வருடக் குடித்தனத்துக்கு வாங்கலாமா என்று கேட்கிறார். பார்க்கலாம். தனி சிம் வாங்கியாயிற்று, அந்தப் போன் அவரிடம் கோவையில் இருக்கும். அங்கிருந்தே பிளம்பரைக் கூப்பிட முடியும் என்பது எங்களுக்கு இதுவரை தோன்றவே இல்லை. ஒப்பந்தம் மூன்றும் இந்த மாதமே எழுதுகிறோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று குடித்தனக்காரரிடம் சொன்னால், எது அவசரம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? கீழ்வீட்டு அம்மா நல்லவர், மனசு நோகக் கூடாது.

ஈளாடா அக்கா:

நேரில் போய், ஒரு டீயோடு உட்கார்ந்து சொல்லுங்கள் தங்கச்சி, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகள் பாடம், உங்கள் வீட்டிலும் அதே நேரம்தானே" என்றால் புரிந்துகொள்வார்கள். கரண்ட் தீப்பொறி, கேஸ் வாடை, குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர், சுவரில் புது விரிசல், சுவர்த் துளையில் கலங்கலாக மண்ணோடு வரும் தண்ணீர், யாருக்காவது உடம்பு முடியாமல் போவது. இதற்கெல்லாம் எந்த நேரமும் கதவைத் தட்டலாம். கீசர், தாழ்ப்பாள், டாய்லெட் ஃப்ளஷ், பக்கத்து வீட்டுச் சத்தம் எல்லாம் கோவை போனுக்கு.

மண் கலந்த தண்ணீர் வந்தால் உங்களுக்காகக் காத்திருக்காமல் பிள்ளைகளோடு மேலே உங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. அதை இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூச்சப்பட்டு அங்கேயே இருப்பார்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077, உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மகள் கையெழுத்து அழகாக இருந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள், அருவங்காட்டு வீட்டுக்கும் ஒரு பிரதி.